மசில் காரின் பின் ஆக்சில்

முன்புறம் எஞ்சினும் பின்புறம் இயங்கு சக்கரங்களும் கொண்ட காரில், எஞ்சினிலிருந்து கிளம்பும் சுழற்சி கடைசியாகத் திசை திரும்பும் இடம் பின் ஆக்சில். நீளவாக்கில் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டோடு இணைந்திருப்பது பினியன் என்ற சிறு பல்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தோடு செங்கோணத்தில் கோத்துச் சுழல்கிறது. சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்புவதும், வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவதும் இந்த ஜோடியின் வேலை. கிரவுனில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.10, புரொப்பல்லர் ஷாஃப்ட் நான்கு சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கிரவுன் பொருத்தப்பட்ட கூட்டுக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது வழிவிடுகிறது. 1960களின் அமெரிக்க மசில் கார்களைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதியை எஞ்சினே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த எஞ்சினின் பலம் சாலையில் இறங்கியதா, ரப்பர் புகையாகப் போனதா என்பதைத் தீர்மானித்தது பின் ஆக்சில்தான்.

டிஃபரன்ஷியல் மோட்டார் காரைவிட மூத்தது. பிரான்சின் கடிகாரத் தொழிலாளர் ஒனேசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி அதை மூன்று சக்கர மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். கார்ல் பென்ஸின் 1886ஆம் ஆண்டு வண்டியிலும் அது உண்டு. பல்சக்கரங்கள் அவ்வளவு எளிதில் கைகூடவில்லை. தொடக்க காலக் கார்களின் நேர்ப்பல் கூம்புச் சக்கரங்கள் ஓயாமல் இரைந்தன. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலிருந்த க்ளீசன் நிறுவனம் 1913இல் வளைந்த பற்களை வெட்டும் எந்திரத்தை உருவாக்கிய பிறகே அந்த இரைச்சல் அடங்கியது. அதே நிறுவனம் 1920களின் நடுவில் ஹைப்பாய்டு பல்சக்கரத்தை வடிவமைத்தது. 1926இல் பேக்கார்டு அதைத் தன் கார்களில் பொருத்தியது.

ஹைப்பாய்டு ஜோடியில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் அதற்குக் கீழே தள்ளி அமைகிறது. இதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது. கார்களின் தரையும் கூரையும் கூடவே தாழ்ந்தன. பற்கள் ஒன்றையொன்று பிடிக்கும் பரப்பும் கூடியது. இதற்கு ஒரு விலை உண்டு. ஹைப்பாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. அந்த வழுக்கலில் சாதாரண எண்ணெயின் படலம் வழித்தெடுக்கப்பட்டுவிடும். எனவே கந்தகச் சேர்மங்கள் கலந்த, கடும் அழுத்தம் தாங்கும் எண்ணெய் தேவைப்பட்டது. பழைய ஆக்சிலின் மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அந்தக் கந்தகத்துடையது.

சாதாரண டிஃபரன்ஷியலின் குணமே வேகக்காரர்களுக்கு எதிரியாக இருந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் அது எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் மணலிலோ ஈரத்திலோ பிடி இழந்து சுழன்றால், நல்ல தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே போய்ச் சேரும். ஜெர்மனியில் 1930களின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தபோது, ஃபெர்டினாண்ட் போர்ஷேவின் கோரிக்கைப்படி இசட்எஃப் நிறுவனம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்து தந்தது. அமெரிக்கச் சந்தைக்கு அது வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1956இல் பேக்கார்டு அதை ட்வின் டிராக்‌ஷன் என்ற பெயரில் விற்றது. அடுத்த ஆண்டு ஷெவர்லே பாசிட்ராக்‌ஷன் என்றது. பின்னர் போன்டியாக்கில் சேஃப்-டி-ட்ராக், கிறைஸ்லரில் ஷூர்-கிரிப், ஃபோர்டில் முதலில் ஈக்வா-லாக், பிறகு டிராக்‌ஷன்-லாக் என்று பெயர்கள் பெருகின. இவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளமைப்பு ஒன்றுதான். பக்கப் பல்சக்கரங்களின் பின்னால் கிளட்ச் தகடுகளின் அடுக்கு இருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும். விசை கூடும்போது பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ள, தகடுகள் மேலும் இறுகும். சக்கரங்கள் தனித்தனியே சுழல முயன்றால் இந்த உராய்வு தடுக்கும்.

இந்தப் பொறி அமெரிக்க மக்களின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு 1992இல் வெளிவந்த 'மை கசின் வின்னி' திரைப்படம் சான்று. அதன் நீதிமன்றக் காட்சியில் ஒரு கொலை வழக்கே பின் சக்கரத் தடங்களை வைத்துத்தான் தீர்கிறது. பாசிட்ராக்‌ஷன் இல்லாத கார் இரண்டு சமமான கருந்தடங்களை விட்டுச்செல்ல முடியாது என்று சாட்சி சொல்லும் பாத்திரத்தில் நடித்த மரிசா டோமேய்க்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அந்தச் சாட்சியம் இயந்திரவியல் நோக்கிலும் சரியானது. அதில் பேசப்படும் 1963 போன்டியாக் டெம்பெஸ்ட், தனித்தனியே அசையும் பின் சக்கரங்களும் பின்புறம் வைத்த கியர்பெட்டியும் கொண்ட விசித்திரமான கார். 1964இல் டெம்பெஸ்ட் வழக்கமான ஒற்றைத் தண்டு ஆக்சிலுக்குத் திரும்பியது. அந்த ஆண்டுதான் அதே உடலில் 389 கன அங்குல எஞ்சினை இறக்கி ஜிடிஓ என்ற பெயரில் போன்டியாக் விற்றது. 32,450 கார்கள் போயின. மசில் கார் யுகம் இதிலிருந்து கணக்கிடப்படுகிறது.

அந்தக் காலத்தில் டெட்ராய்ட் கார் ஒன்றை வாங்குவது பெரிய பட்டியலில் குறியிட்டுக் கொடுப்பதாக இருந்தது. எஞ்சின், கியர்பெட்டி, நிறம், இருக்கைத் துணி ஆகியவற்றோடு ஆக்சில் விகிதத்தையும் வாங்குபவர் தேர்ந்தெடுக்கலாம். எண் சிறியதாக இருந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாக ஓடும், பெட்ரோல் மிச்சமாகும். எண் பெரியதாக இருந்தால் சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் பாயும். 1970 ஷெவல்லின் எல்எஸ்6 எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். அதன் அறிவிக்கப்பட்ட முறுக்குவிசை 500 பவுண்டு-அடி. முதல் கியர் விகிதம் 2.20 கொண்ட மன்சி எம்22 கியர்பெட்டியும் 4.10 ஆக்சிலும் சேர்ந்தால் சக்கரங்களுக்குப் போவது ஏறக்குறைய 4,500 பவுண்டு-அடி. ஆக்சில் விகிதம் 2.73 ஆக இருந்திருந்தால் அது 3,000 ஆகச் சுருங்கியிருக்கும். எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைக்கும் இந்த 1,500 பவுண்டு-அடியை எந்த கார்பரேட்டரும் எந்தக் கேம் ஷாஃப்ட்டும் தர முடியாது. அதே கணக்கு மறுபக்கம் கடிக்கும். 26 அங்குல விட்டமுள்ள டயரோடு மணிக்கு 60 மைலில் போகும்போது 2.73 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,100 சுற்று சுற்றும், 4.10 விகிதத்தில் சுமார் 3,200. கார் ஒரு நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடினால் அந்த வேறுபாடு காதுக்கும் பணப்பைக்கும் தெரியும்.

கால் மைல் பந்தயத் தளத்தில் நெடுஞ்சாலைக் கவலை கிடையாது. 1,320 அடி தூரத்தின் முடிவுக்கோட்டை, எஞ்சின் தன் உச்ச பலத்தைத் தரும் சுற்றில், கடைசி கியரில் கடக்க வேண்டும். அதற்கு ஏற்ற விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பொருத்துவார்கள். அதே 26 அங்குல டயரோடு மணிக்கு 100 மைலில் முடிவுக்கோட்டைக் கடக்கும் கார் 4.10 விகிதத்தில் சுமார் 5,300 சுற்றிலும், 4.56 விகிதத்தில் சுமார் 5,900 சுற்றிலும் இருக்கும். வாரநாளில் வேலைக்குப் போகும் காரே ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் போனதால், இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் பிடிப்பதே பலரின் போராட்டமாக இருந்தது. 3.55, 3.73 ஆகியவை பெரும் செல்வாக்குப் பெற்றது இதனால்தான்.

ஃபோர்டு ஒரு படி மேலே போனது. 1969, 1970 ஆண்டுகளில் 428 கோப்ரா ஜெட் எஞ்சினோடு 3.91 அல்லது 4.30 ஆக்சிலைக் கேட்டவருக்கு, அந்தத் தேர்வின் விளைவாகவே வேறு எஞ்சின் கிடைத்தது. உறுதியான கனெக்டிங் ராடுகளும் எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் தனி ரேடியேட்டரும் கொண்ட அதற்கு சூப்பர் கோப்ரா ஜெட் என்று பெயர். அப்படிப்பட்ட ஆக்சிலைக் கேட்பவர் எஞ்சினை எப்படி நடத்துவார் என்று தொழிற்சாலைக்குத் தெரியும். 4.30 விகிதத்தோடு வந்தது டெட்ராய்ட் லாக்கர். அதில் கிளட்ச் தகடு கிடையாது. இரண்டு சக்கரங்களையும் பல் கோத்துப் பூட்டியே வைத்திருந்து, வளைவில் மட்டும் வெளிச்சக்கரத்தை விடுவிக்கும் அமைப்பு அது. விடுவித்து மீண்டும் பூட்டும்போது 'டக்' என்ற ஓசை காருக்குள் கேட்கும். பழகாதவர் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார்.

விசை கூடக் கூட, சங்கிலியின் பலவீனமான கண்ணி இடம் மாறிக்கொண்டே போனது. பின் ஆக்சிலை மேம்படுத்திய வரலாறு உண்மையில் அந்தக் கண்ணியைத் துரத்திச் சென்ற வரலாறுதான். டயர்கள் மெலிதாக இருந்தவரை அவை வழுக்கி மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றின. பந்தய டயர்கள் தரையைக் கவ்வத் தொடங்கியதும் பட்டை ஸ்பிரிங்குகள் முறுக்கிக்கொண்டு, சக்கரங்கள் தரையில் துள்ளித் துள்ளி இறங்கின. 1967 கமாரோவின் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் இதற்குப் பேர்போனது. பலம் மிக்க எஞ்சின் கொண்ட கார்களில் வலப்பக்கம் ஒரு தாங்கு கம்பியைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாற்றி வைத்து, பலம் மிக்க கார்களுக்குப் பல பட்டைகளும் கொடுத்தார்கள். துள்ளல் அடங்கியதும் விசை முழுவதும் டிஃபரன்ஷியலுக்குள் இறங்கியது. உள்ளிருக்கும் ஸ்டார் கியர்கள் உடைந்தன. அவற்றை வலுப்படுத்தினால் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தது.

இந்தச் சோதனையில் தேறிய ஆக்சில்கள் சில. ஷெவர்லேயின் 12 போல்ட் ஆக்சில், பின் மூடியை அத்தனை போல்ட்டுகள் பிடிப்பதால் அந்தப் பெயரைப் பெற்றது. அதன் கிரவுன் விட்டம் 8.875 அங்குலம், அறுபதுகளின் நடுவிலிருந்து 1972 வரை ஷெவல், கமாரோ போன்ற கார்களில் வந்தது. பல்சக்கரம் உறுதியானது; குறை அதன் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் முறையில் இருந்தது. ஆக்சில் ஷாஃப்ட்டின் உள்முனையில் உள்ள ஒரு சிறு 'சி' வடிவக் கொக்கிதான் சக்கரத்தையே வண்டியோடு பிடித்து வைக்கிறது. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் பிரேக் டிரம்மோடு வெளியே வந்துவிடும். மணிக்கு 100 மைல் வேகத்தில் அது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பந்தய விதிகள் வேகமான கார்களில் அந்தக் கொக்கியை அகற்றி, ஷாஃப்ட்டை வெளிமுனை பேரிங்கிலேயே நிறுத்தச் சொல்கின்றன.

கிறைஸ்லரின் 8¾ அங்குல ஆக்சில் 1957 முதல் 1974 வரை உற்பத்தியில் இருந்தது. ஆனால் 426 ஹெமி எஞ்சினை நான்கு கியர் பெட்டியோடு இணைத்தபோது கிறைஸ்லர் அதை நம்பவில்லை. ஆட்டோமேட்டிக் பெட்டியின் டார்க் கன்வெர்ட்டர் அதிர்ச்சியைத் தணித்துக் கொடுக்கும். கிளட்ச்சை ஒரே வீச்சில் விடும் கால் அப்படிச் செய்யாது. எனவே 1966இலிருந்து கைக்கியர் ஹெமி கார்களுக்கு டேனா 60 ஆக்சிலைக் கொடுத்தார்கள். லாரி வகை வண்டிகளுக்காகச் செய்யப்பட்ட அதன் கிரவுன் 9¾ அங்குலம். எடை அதிகம், உடைத்தவர்கள் குறைவு.

எல்லாவற்றிலும் நீண்ட ஆயுள் கண்டது ஃபோர்டின் 9 அங்குல ஆக்சில். 1957இல் அறிமுகமாகி 1986 வரை ஃபோர்டு கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் வந்தது. மற்ற ஆக்சில்களில் பினியன் இரண்டு பேரிங்குகளில் மட்டும் தொங்கி நிற்க, இதில் பினியனின் தலைக்கு அப்பாலும் மூன்றாவதாக ஒரு பேரிங் தாங்குகிறது. விசையின் கீழ் பினியன் விலகி வளைவதை அது தடுக்கிறது. பல்சக்கரங்களும் டிஃபரன்ஷியலும் அடங்கிய கூடு தனி அலகாக ஹவுசிங்கின் முன்புறமிருந்து கழன்று வரும். மெக்கானிக் அதை மேசைமேல் வைத்து, நிமிர்ந்து நின்று சரிசெய்யலாம்; காருக்கு அடியில் படுத்துக்கிடக்க வேண்டியதில்லை. பந்தய அணி வெவ்வேறு விகிதங்களில் சில கூடுகளைத் தயாராக வைத்திருந்து, தளத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள முடிந்தது. பினியன் மிகத் தாழ்வாக அமைவதால் பற்களின் வழுக்கல் கூடி, சிறிது சக்தி வெப்பமாக வீணாவது இதன் குறை. உறுதிக்காக அதைப் பந்தயக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நாஸ்கார் முதல்நிலைப் பந்தயங்களில் ஷெவர்லே, டொயோட்டா பெயர்களில் ஓடிய கார்களும் 2021 வரை இந்த ஃபோர்டு வடிவ ஆக்சிலையே சுமந்தன.

1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. 1974 ஜனவரியில் மணிக்கு 55 மைல் என்ற தேசிய வேகவரம்பு சட்டமானது. காப்பீட்டுக் கட்டணமும் புகை விதிகளும் அதற்கு முன்பே மசில் கார்களை நெரித்துக்கொண்டிருந்தன. தொழிற்சாலைகள் எரிபொருளைச் சேமிக்கக் கைவைத்த இடங்களில் ஆக்சிலும் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 2.56, 2.41 போன்ற விகிதங்கள் சாதாரணமாயின. இதன் மறுபக்கமாகப் பழைய இரும்புக் கடைகள் புதையலாகின. இடித்து நொறுக்கப்படக் காத்திருந்த பிக்கப் வண்டிகளிலிருந்தும் பெரிய செடான்களிலிருந்தும் 9 அங்குல ஆக்சில்களைக் கழற்றி, குழாய்களை வெட்டிக் குறுக்கி, சிறிய கார்களுக்குள் நுழைத்தார்கள். 1970களின் இறுதியில் வந்த லிங்கன் வெர்சாய்ல்ஸ் காரின் பின் ஆக்சில் டிஸ்க் பிரேக்கோடு வந்ததால், பழைய மஸ்டாங் வைத்திருந்தவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். காசில்லாத இளைஞர்கள் டிஃபரன்ஷியலின் ஸ்டார் கியர்களையே வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டார்கள். நேர்க்கோட்டில் அது வேலை செய்யும். ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கதறும், ஷாஃப்ட் முறுகும்.

வாங்கும் ஆக்சிலுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி நிலைபெற்றது. பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். ஒரே திசையில் சுற்றினால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை. தேய்ந்துபோன தகடுகள் மட்டும் இந்தச் சோதனையை ஏமாற்றும். ஃபோர்டு ஆக்சிலில் ஒரு போல்ட்டுக்கு அடியில் சிறிய தகரச் சீட்டு இருக்கும். அதில் விகிதத்தின் நடுவில் எல் என்ற எழுத்து பதிந்திருந்தால் உள்ளே இருப்பது பூட்டும் வகை.

விகிதத்தை மாற்றுவது புதுப் பல்சக்கரத்தைச் சொருகுவதோடு முடிவதில்லை. விகிதம் ஏற ஏறப் பினியனின் பற்கள் குறைந்து அது சிறுக்கிறது. அதைத் தொடுவதற்குக் கிரவுன் தடிமனாக வேண்டும். ஆகவே 12 போல்ட் ஆக்சிலில் ஒரு விகித வரம்புக்கான டிஃபரன்ஷியல் கூட்டை இன்னொரு வரம்பில் அப்படியே பயன்படுத்த முடியாது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பதமாக்கப்பட்ட ஜோடி. அவற்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்க்கலாகாது. பற்களின் எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. 41-க்கும் 10-க்கும், 41-க்கும் 11-க்கும் பொது வகுத்தி இல்லை. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்தித்து, தேய்மானம் சீராகப் பரவுகிறது.

பொருத்தும் வேலை அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு என்ற கணக்கில் நடப்பது. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை அதன் பேரிங்குக்கு அடியில் வைக்கும் ஷிம் தீர்மானிக்கிறது. பினியன் நட்டை முடுக்கும்போது உள்ளிருக்கும் மெல்லிய உலோகக் குழல் நசுங்கி பேரிங்குக்கு உரிய இறுக்கத்தைத் தருகிறது. அளவு மீறி நசுங்கிவிட்டால் அதை வீசிவிட்டுப் புதுக் குழலோடு மறுபடி தொடங்க வேண்டும். கிரவுனை இடவலமாக நகர்த்தி, பற்களுக்கிடையே பெரும்பாலும் 0.006 முதல் 0.010 அங்குலம் வரை இடைவெளி விடுவார்கள். பின்னர் சில பற்களில் மஞ்சள் நிறப் பசையைத் தடவி, கிரவுனுக்குச் சற்றுத் தடை கொடுத்தபடி சுற்றுவார்கள். பினியன் அழுந்திய இடத்தில் பசை வழிந்துபோய் பல்லின் பளபளப்பு நீள்வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் பல்லின் உயரத்துக்கு நடுவில் விழ வேண்டும். அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, ஷிம்மைக் குறைக்க வேண்டும். நுனிப்பக்கம் ஒதுங்கினால் ஷிம்மைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் பினியனைக் கழற்றி பேரிங்கை இழுத்தாக வேண்டும். பொறுமை இழந்து இதை அரைகுறையாக விட்டால், ஆக்சில் குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடத் தொடங்கும். அந்த ஒலி பிறகு தானாகப் போகாது. பொருத்தி முடித்த காரை முதலில் சில மைல்கள் மிதமாக ஓட்டி ஆறவிடுவதும், சுமார் 500 மைலில் எண்ணெயை மாற்றுவதும் வழக்கம். கிளட்ச் தகடு உள்ள டிஃபரன்ஷியலின் எண்ணெயில் உராய்வைச் சீராக்கும் திரவத்தையும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் திருப்பங்களில் தகடுகள் நடுங்கும். வேகமானி அளவு தப்பாமலிருக்க, கியர்பெட்டியின் வால்பகுதியில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் அதே கையோடு மாற்றுவார்கள்.

பாய்ச்சலுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையிலான பழைய முரண் ஆக்சிலுக்குள் தீரவில்லை, கியர்பெட்டியில் தீர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் 200-4ஆர், 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிகளை வெளியிட்டது. அவற்றின் நான்காவது கியர் முறையே 0.67, 0.70 விகிதங்களில் ஓவர்டிரைவ் தந்தது. 700ஆர்4 பெட்டியோடு 3.73 ஆக்சில் இருந்தால், புறப்படும்போது 3.73-இன் வேகமும் நெடுஞ்சாலையில் 2.61-இன் நிதானமும் கிடைக்கும். அதன்பின் 1960களின் காரைப் புதுப்பிப்பவர்கள் ஆக்சிலையும் கியர்பெட்டியையும் ஒரே கணக்காகப் போடத் தொடங்கினார்கள். 1966இல் துணிச்சல்காரர்கள் மட்டும் கேட்ட 4.10, இன்று ஐந்து கியர் பெட்டியோடு குடும்பத்தை ஏற்றி ஊர் போகும் காரிலும் இருக்கிறது.

ஹவுசிங், ஷாஃப்ட், பல்சக்கரம், டிஃபரன்ஷியல் அனைத்தும் புதிதாகவே இப்போது கிடைக்கின்றன. 9 அங்குல வடிவத்தில், எந்தக் காருக்கும் தேவையான அகலத்தில் முழு ஆக்சிலையும் செய்து தருகிறார்கள். இதனால் பழைய ஆக்சிலின் இடமும் மாறிவிட்டது. தொழிற்சாலை பதித்த குறியீடும் தேதியும் காரின் தேதியோடு பொருந்தும் அசல் ஆக்சிலுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி விலை உண்டு. கார் வேகமாகவும் ஓட வேண்டும், அசல் தன்மையும் குலையக் கூடாது என்பவர்கள் அதை முழுதாகக் கழற்றி, எண்ணெய் பூசிக் கொட்டகையில் வைத்துவிட்டு, புது ஆக்சிலைப் பூட்டி ஓட்டுகிறார்கள். காரை விற்கும்போது அதையும் சேர்த்தே ஒப்படைக்கிறார்கள்.